பழைய படத்தைக் கிளியர் ஆக்கித் தரச் சொல்கிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் இப்போது எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும், ஒழுங்கை முகப்பில் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் எண்பது வயது ஆச்சிக்கு நாற்பது வயதுத் தோல் போட்டிருக்கிறார்கள். நெற்றிச் சுருக்கம் இல்லை. கண் பளபளக்கிறது. வெற்றிலைக் காவி ஏறிய பல் பற்பசை விளம்பரப் பல்லாக மாறியிருக்கிறது. பார்க்கிறவர்கள் "வடிவாத்தான் வந்திருக்கு" என்கிறார்கள். வடிவில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அது ஆச்சி இல்லை என்பதுதான் முறைப்பாடு.

டிஜிட்டல் ஊடகம் படிக்கிறவள் என்பதால் வீட்டிலும் அயலிலும் இந்த வேலை என் தலையில்தான் விழுகிறது. "பிள்ளை, இந்தப் படத்தைக் கொஞ்சம் கிளியர் ஆக்கித் தா." ஏஐயில் போட்டால் ஒரு நிமிஷ வேலை என்று அவர்களுக்கும் தெரியும். மாட்டேன் என்றால், இவள் படித்து என்ன பிரயோசனம் என்பது போல ஒரு பார்வை. ஏன் மாட்டேன் என்பதை ஒருதரம் விளக்கமாக எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்களுக்கு இந்த லிங்கை அனுப்பலாம்.

ஒரு குடும்பப் படம். பின்வரிசையில் அப்பப்பா நிற்கிறார், முகம் சுண்டுவிரல் நகமளவு. ஸ்கான் செய்தால் கண் இருக்கவேண்டிய இடத்தில் சில சாம்பல் புள்ளிகள்தான் கிடைக்கும். இமை எப்படி வளைந்திருந்தது என்ற தகவல் அந்தப் புள்ளிகளில் இல்லை. இல்லாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, ஊகித்து நிரப்பத்தான் முடியும். எதை வைத்து ஊகிக்கிறது? 2021இல் வந்து பரவலாகப் பயன்பட்ட ஜிஎஃப்பிகான் என்ற முகச் சீராக்கக் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகம் எப்படி இருக்கும் என்பதை அது பழகியது எஃப்எஃப்எச்கியூ என்ற தொகுப்பில். என்விடியா ஆய்வாளர்கள் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்கள். ஃப்ளிக்கரில் நல்ல கமராவால் எடுத்து ஏற்றியவர்களில் எங்கள் ஊர் அப்பப்பாக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த முகங்களில் பழகிய கைதான் உங்கள் அப்பப்பாவின் கண்ணை வரைந்து தருகிறது. அவருடைய கன்னத்துத் தழும்பும் படத்தில் பிடித்த பூஞ்சணமும் அதற்கு ஒன்றுதான், இரண்டையும் துடைத்துவிடும். இப்போது போனில் இருக்கிற செயலிகள் இன்னும் மோசம். முகத்தைத் திருத்துவதோடு நிற்காமல் முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. தோடு மாறும், சேலைக் கரை மாறும், பின்னால் இருந்த கிணற்றுக்கட்டு ஒரு பூச்சாடியாகிவிடும்.

வேறு ஊரில் இது பெரிய விஷயம் இல்லாமல் இருக்கலாம். நூறு படம் உள்ள குடும்பத்தில் ஒன்று பொய்யானால் மற்றது காட்டிக்கொடுக்கும். எங்களிடம் நூறு இல்லை. 1981இல் பொது நூலகத்தோடு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்ததை எல்லோரும் எழுதுகிறோம். வீட்டு அல்பங்களை யாரும் எண்ணவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போருக்குத் தப்பித் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்தபோது, அரிசியா அல்பமா என்றால் அரிசிதான். பல வீடுகளில் இன்று இருக்கும் ஒரே படம், எப்போதோ கடிதத்தோடு கனடாவுக்கோ லண்டனுக்கோ அனுப்பி அங்கிருந்து திரும்பி வந்த பிரதி. அந்த ஒன்றையும் செயலிக்குள் போட்டு, வந்ததைச் சேமித்துவிட்டு, மூலத்தை அழித்துவிடுகிறோம்.

இன்னொன்று, எழுதவே சங்கடமாக இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தில் அம்மாக்கள் பிடித்திருக்கும் படங்களைப் பாருங்கள். மங்கல், புள்ளி, மழை பட்ட கறை. அந்த முகத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அதை யாராவது நல்ல மனதோடு கிளியர் ஆக்கிக் கொடுத்தால், உலகத்தில் பிறக்காத ஒருவனைத் தேடச் சொல்லிக் கொடுத்தது போலாகும்.

சரி, ஸ்ரூடியோக்காரர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்ரூடியோ அண்ணை சொன்னார், "தங்கச்சி, அந்தக் காலத்திலயும் நெகட்டிவில பென்சிலால திருத்தினதுதானே, கறுப்பு வெள்ளைக்குக் கையால கலர் பூசினதுதானே." உண்மை. ஆனால் பென்சில் பிடித்தவர் பருவைத்தான் மறைத்தார், மூக்கை மாற்றவில்லை. அதோடு நெகட்டிவ் ஸ்ரூடியோவிலேயே இருந்தது. பாதி முகம் பூஞ்சணம் தின்ற படத்தை வைத்துக்கொண்டு அழுகிற ஒரு தாய்க்கு ஏஐ வரைந்த முகம் ஆறுதல் தருமென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். சுவரில் மாட்டட்டும். 31ஆம் நாள் கல்வெட்டில், அதாவது செத்தவருக்கு அச்சடிக்கிற நினைவு மலரில், போடும்போது மட்டும் கீழே ஒரு வரி போடுங்கள், இது ஏஐயால் மாற்றிய படம் என்று. ஏனென்றால் எங்கள் கல்வெட்டுகள் வீட்டோடு நிற்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நினைவு மலர்களையும் ஸ்கான் செய்து சேர்த்து வைக்கிறது. இன்னும் ஐம்பது வருஷத்தில் ஒருவர் அதைத் திறந்து, இந்தக் கிராமத்து மனிதர்கள் இப்படித்தான் இருந்தார்கள் என்று எழுதப்போகிறார்.

புதிதாக வரையச் சொன்னால் கதை வேறு. "யாழ்ப்பாணத்து வீடு" என்று ஒரு பட ஏஐயிடம் கேட்டேன். கேரளத்து ஓட்டு வீடு ஒன்று வந்தது, முற்றத்தில் தென்னை. பனை கேட்டாலும் தென்னைதான். கிடுகுவேலி மூங்கில் வேலியாகிறது, கூரை போட்ட வாசல் படலையான சங்கடப்படலை என்றால் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. இதில் வியப்பில்லை. இப்படியான ஏஐகளைப் பழக்கவென்று 2022இல் வெளியான லயன்-5பி என்ற பெருந்தொகுப்பில் படமும் விளக்கமுமாகச் சுமார் 585 கோடி சோடிகள், அவற்றில் ஏறத்தாழ 232 கோடி ஆங்கில விளக்கம் உள்ளவை. எங்கள் வேலியைப் படம் எடுத்துத் தமிழில் ஒரு வரி எழுதி ஏற்றியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்படியென்றால் நாங்களே எடுத்து ஏற்றுவோம் என்று வகுப்பில் ஒரு பெடியன் சொன்னான். அதற்கும் எனக்கு முழு மனம் வரவில்லை. கேட்காமல் எடுக்கிற கம்பனிகளுக்கு நாங்களாகவே அள்ளிக் கொடுப்பதா?

கேட்காமல் எடுப்பது கம்பனிகளின் பழக்கம் மட்டுமில்லை. "உதவி" வீடியோ என்று ஒரு வகை யூடியூப்பில் ஓடுகிறதே, வறுமைப்பட்ட வீட்டுக்குள் கமராவோடு போய், தாயை அழவைத்து, அந்தக் கண்ணீரையே தம்நெயிலாகப் போடுவது, அதைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வெளிநாட்டில் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார், அந்தப் பிள்ளை மறுநாள் அதே முகத்தோடு பள்ளிக்கூடம் போகவேண்டும்.

தொழில்நுட்பமே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. நல்லூர் மந்திரிமனையைச் சுற்றி வந்து, ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் பொருந்துகிற மாதிரிப் போனாலேயே படங்கள் எடுத்து, கோல்மாப் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். கட்டடம் முப்பரிமாணப் புள்ளித் திரளாக எழும்பி நிற்கும். நாங்கள் வகுப்பு வேலையாகச் செய்தோம். எனக்குப் பிடித்தது என்னவென்றால், கமரா காணாத இடத்தை அது ஓட்டையாகவே விட்டிருந்தது. கூரைக்குப் பின்பக்கம் எடுக்கவில்லை, ஆகவே அங்கே ஒன்றும் இல்லை. சுவர் உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே இருக்கிறது. விரிவுரையில் அழகான மொடலைப் பாராட்டினார்கள், நான் அந்த ஓட்டையைத்தான் கூட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அல்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் செய்துதருவது இவ்வளவுதான். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான், தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமிப்பு, படத்தின் பின்பக்கமும் ஒரு ஸ்கான். திகதியும் ஸ்ரூடியோ முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். யார் யார் நிற்கிறார்கள் என்று வயதானவர்களைக் கேட்டு எழுதிவைப்பேன், அவர்கள் இருக்கிற வரைக்கும்தான் அது முடியும். தூசியையும் கீறலையும் வேண்டுமானால் ஒரு பிரதியில் கையால் எடுத்துத் தருவேன். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியூமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது நசுக்கி, எடுத்த நேரம் இடம் எல்லாவற்றையும் உரித்துத்தான் அனுப்பும்.

அப்புறம், படத்தைச் சிரிக்கவும் தலையாட்டவும் வைக்கிற செயலிகள். 2021இல் மைஹெரிடேஜ் டீப் நொஸ்டால்ஜியாவைக் கொண்டுவந்ததிலிருந்து இது ஒரு மோகம். அம்மம்மா கண் சிமிட்டுகிற வீடியோவை எனக்கு அனுப்பிய மாமியிடம் கேட்டேன், உங்கள் கலியாண வீடியோவில் அம்மம்மா இல்லையா என்று. இருக்கிறாவாம். நடக்கிறா, மாப்பிள்ளை பகுதியோடு கதைக்கிறா, யாரையோ ஏசுகிறாவாம். கசெட் அலுமாரிக்குள் கிடக்கிறது, வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து. போட்டுப் பார்க்க டெக் இல்லை. கடைசியாக விசிஆர் எனப்படும் இந்த டெக்கைச் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இனிப் புதிது வராது.

யாருடைய வீட்டிலாவது விஎச்எஸ் டெக் சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஹெட் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, திருத்துகிற ஒரு அண்ணையைத் தெரியும். மாமியின் கசெட் முடிந்ததும் மற்றவர்களுடையதையும் மாற்றித் தரலாம், வெற்று ஹார்ட் டிஸ்க் நீங்கள் கொண்டுவரவேண்டும்.