கோல்ஃப் மைதானத்தை மூடினால் நஷ்டம் உடனே நின்றுவிடுமா?

“நகராட்சி கோல்ஃப் மைதானத்தை மூடி நிலத்தை விற்றால், வருடாந்திர நஷ்டம் முழுக்க மிச்சம்.” அமெரிக்க நகரங்களைப் பற்றி அடிக்கடி சுற்றும் இந்தக் கணக்கு தவறு.

கிளப் ஹவுஸுக்கும் நீர்ப்பாசனக் குழாய்களுக்கும் கடன் வாங்கியிருந்தால், மூடிய பிறகும் தவணை கட்டியாக வேண்டும். ஆட்டக் கட்டணம் மட்டும் வராது. கணக்கில் காட்டும் நஷ்டத்தில் தேய்மானமும், அதாவது கட்டடமும் கருவிகளும் பழையதாவதால் குறையும் மதிப்பும், சேர்ந்திருக்கலாம். அது அந்த ஆண்டு கையைவிட்டுப் போகும் ரொக்கமே அல்ல!

சரி, விற்பது? அங்கேதான் பெரிய சிக்கல். 1965-ஆம் ஆண்டின் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் கீழ் மானியம் பெற்ற இடமென்றால், வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அமெரிக்க மத்திய அரசின் தேசியப் பூங்கா சேவையின் ஒப்புதல் வேண்டும். குறைந்தது அதே சந்தை மதிப்புள்ள மாற்று நிலத்தையும் பொழுதுபோக்குக்கு ஒதுக்க வேண்டும். மானியம் பெறாத மைதானங்களுக்கு இந்தத் தடை இல்லை.