மோட்சார்ட்டின் விடைத்தாளைத் திருத்திய பாதிரியார்

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய இசை ஆசிரியர் மார்ட்டினி பாதிரியார் பெயர் எங்கே வந்தாலும் கூடவே இசைமேதை மோட்சார்ட்டும் வந்துவிடுகிறார். "மோட்சார்ட்டுக்குப் பாடம் சொன்னவர்", அதோடு அறிமுகம் முடிந்தது. எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் அந்தக் கதை ருசியானது.

1770 அக்டோபர், இத்தாலியின் பொலோஞா நகரம். அங்கிருந்த பில்ஹார்மோனிக் அகாதமி என்ற இசைக்கலைஞர் சங்கத்தில் சேர ஒரு தேர்வு. ஒரு பழைய வழிபாட்டு மெட்டைக் கொடுத்து அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த மெட்டோடு மேலும் மூன்று குரல்களைக் கறாரான பழைய இலக்கணப்படி பின்ன வேண்டும். நம்ம ராஜா ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்களே கவுண்டர்பாயிண்ட், பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இழையவிடும் கலை, அதன் தாத்தா காலத்து வடிவம். சேர வயது 20 ஆகியிருக்க வேண்டும், பையனுக்கு 14. எழுதினான், ஆனால் இலக்கணம் பல இடங்களில் இடித்தது. மார்ட்டினி திருத்தி எழுதிய வடிவமும், அதைப் பார்த்து மோட்சார்ட் எழுதிய படியும் இன்றும் இருக்கின்றன. "சூழ்நிலையைக் கருதினால் போதுமானது" என்ற அளவில் தேறினான்.

விதிமீறல்தான், பூசி மெழுக வேண்டாம். ஆனால் தப்பும் தவறுமான ஒரு தாளைக் கண்டால் இந்த மனிதரால் சும்மா இருக்க முடியாது என்பது என் கணிப்பு. வாழ்க்கை முழுக்க அதைத்தானே செய்தார்.

1706இல் அதே ஊரில் பிறந்து, பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்து, 1725இல் புனித பிரான்சிஸ் கோயிலின் இசைப் பொறுப்பை ஏற்றார். 1784இல் இறந்ததும் பொலோஞாவில்தான். அவர் ஊரை விட்டு அதிகம் நகரவில்லை, ஐரோப்பா அவரைத் தேடி வந்தது. பெரிய பாக்கின், அதாவது இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின், கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியானும் அவரிடம்தான் படித்தார். பார்க்க வந்த ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் பர்னி, அவருடைய நூலகத்தில் 17,000 தொகுதிகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். ஏழ்மை விரதம் எடுத்தவரின் அறையில்! இசைக்கலைஞர்களிடம் கேட்டுக் கேட்டு ஓவியங்களும் சேர்த்தார். ஆங்கிலேய ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த தன் படத்தை அனுப்பிவைத்தார் அந்த யோஹான் கிறிஸ்டியான்.

இசை வரலாறு எழுத உட்கார்ந்து, 1757 முதல் 1781 வரை மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். பண்டைய கிரேக்கத்தையே தாண்டவில்லை! அத்தியாயங்களின் தொடக்கத்திலும் முடிவிலும் இசைப் புதிர்கள் வேறு. வரலாற்றாசிரியராக அவர் தோற்றார் என்றே சொல்வேன். ஆனால் பழைய இசை நூல்களை ஆராய்கிறவர்கள் இன்றும் பொலோஞா இசை அருங்காட்சியகத்துக்குப் போவது, பெருமளவும் அவர் சேர்த்துவைத்த புத்தகங்களுக்காகத்தான்.