ஹார்ட்விக் ஹாலின் மூன்றாவது தளம்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள 16ஆம் நூற்றாண்டு மாளிகையான ஹார்ட்விக் ஹால் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் அதன் ஜன்னல்களின் எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டீர்களே என்று இருந்தது. அவற்றின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். மேலே போகப் போக ஜன்னல்கள் உயர்ந்துகொண்டே போகும். கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் குடும்பத்துக்கு, மூன்றாவது தளம் அரச விருந்தினருக்கு. யாருக்கு எந்த இடம் என்பது வெளியே நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்! கண்ணாடி மிக விலை உயர்ந்த காலம் அது. அப்படியிருந்தும், சில ஜன்னல்களுக்குப் பின்னால் வெறும் சுவர்தான். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாதே என்று வைத்தவை.

வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் மாளிகையைக் கட்டவைத்த சீமாட்டி பெஸ்ஸுக்கு (எலிசபெத் என்பதன் சுருக்கம்) ஒரே ஒரு வரிதானா? நான்கு முறை மணந்து, நான்கு முறையும் விதவையானவர். 1590இல் வேலை தொடங்கியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1597இல் குடியேறினார். எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோபுர உச்சிகளில் கல்லிலேயே செதுக்கி வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படிச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம், நீண்ட கூடத்தின் சுவரில் தொங்கும், பைபிள் வீரன் கிதியோனின் கதையை நெய்து காட்டும் திரைச்சீலைகள். மொத்தம் 13. அவற்றைச் செப்பனிடவே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, 2023இல்தான் முடிந்தது. அடுத்த பகுதி எழுதினால் அந்தக் கைவேலையைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.