300-ஆ, 500-ஆ?

சேலத்தில் சொந்தமாகப் பாட்டெழுதி இசையமைக்கும் இளைஞர்கள் சிலர், முதல் ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாகக் கொண்டுவர எத்தனை பிரதி அடிக்கலாம் என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே பெரும்பாலோர் 500 என்று மனத்துக்குள் முடிவு செய்திருக்கிறார்கள். தொழிற்சாலை அனுப்பிய விலைப்பட்டியல் செய்யும் வேலை அது.

லாக்கர் எனும் பூச்சிட்ட மூலத்தட்டில் ஒலியைப் பள்ளக்கோடாக வெட்டுவது, அதிலிருந்து மின்முலாம் வழியாக ஸ்டாம்பர் எனும் உலோக அச்சை எடுப்பது, சோதனைத் தட்டு அடித்துக் கேட்பது ஆகியவற்றுக்கான செலவு 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக்கூடத் தட்டின் அடக்கவிலை இறங்கும். கணக்குக்காக, 300 அடித்தால் தட்டு 1,000 ரூபாய், 500 அடித்தால் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தட்டை 1,500 ரூபாய்க்கு விற்று 250 பிரதி போனால் வரவு 3,75,000 ரூபாய். 300 அடித்தவருக்கு 75,000 ரூபாய் மிஞ்சும்; 500 அடித்தவருக்கு 25,000 ரூபாய் கையைக் கடிக்கும். கடைக்காரரின் கழிவையும் பார்சல் செலவையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

விற்காத 250 தட்டுகள் உறையோடு 50 கிலோவுக்குக் குறையாது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் படுக்கை வாட்டில் அடுக்கினால் தட்டு வளையும். சுழலும்போது முள் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஏற்காட்டில் வைக்கலாமென்றால், அங்கே மழைக்கால ஈரத்தில் அட்டை உறை பூசணம் பிடிக்கும்.

ஆகவே யூடியூப் பார்வைகளை எண்ணாதீர்கள். முன்பதிவு திறந்து, பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணி, நிகழ்ச்சி மேடையருகே விற்கக் கொஞ்சமும் இசைத்தவர்களுக்கும் விமர்சகர்களுக்கும் கொடுக்கக் கொஞ்சமும் சேர்த்து, அத்தோடு நிறுத்துங்கள். முன்பதிவு நூறைக்கூடத் தொடவில்லையென்றால், வினைலை விட்டுவிட்டு கேசட்டோ சிடியோ போடுவதே என் யோசனை. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற பயம் தேவைக்கு மேற்பட்டது. ஒரு ஸ்டாம்பர் சுமார் 1,000 தட்டுவரை தாங்கும் என்பதால், அது பத்திரமாக இருந்தால் மறுபதிப்புக்கு வெட்டும் செலவு திரும்ப வராது. எத்தனை காலம் அதை வைத்திருப்பார்கள் என்பதைத் தொழிற்சாலையிடம் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: ‘இவ்வளவுதான், இனி அடிக்கமாட்டோம்’ என்று வரிசை எண் போட்டு விற்றுவிட்டு, அதே உறையில் மறுபடி அடித்தால், முதலில் வாங்கியவர் உங்கள் அடுத்த ஆல்பத்துக்கு முன்பதிவு செய்யமாட்டார்.