சொல்ல வேண்டிய இடமும் காட்ட வேண்டிய இடமும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து புதிதாக எழுத வரும் இளைஞர்கள் வாசிக்கத் தரும் சிறுகதைகளில் அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் காண்கிறேன். உணர்வைப் பெயரிட்டுக் கூறாமல் காட்சியாலும் செயலாலும் வாசகரை உணரவைக்கச் சொல்லும் ‘சொல்லாதே, காட்டு’ என்ற பாடம் எல்லோரையும் எட்டியிருக்கிறது. எட்டிய விதம்தான் கவலை தருகிறது. ‘அவள் பயந்தாள்’ என்று எழுதியவர்கள் இப்போது ‘நெற்றியில் வியர்வை அரும்பியது, நெஞ்சு படபடத்தது’ என்று எழுதுகிறார்கள். இதில் எதுவுமே காட்டப்படவில்லை. எந்த ஊரிலும் எவருக்கும் பொருந்தும் உடற்குறிகள் பயம் என்ற சொல்லின் இடத்தில் வந்து அமர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

1886 மே மாதம் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தம் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், நிலவு காயும் இரவைக் கொண்டுவர, ஆலையின் அணைக்கரையில் உடைந்த புட்டியின் சில்லு ஒன்று விண்மீன்போல் மின்னியது என்று எழுதினால் போதும் என்கிறார். அந்தச் சில்லு அந்தக் கரைக்கு உரியது; வேறு கதைக்கு அதை எடுத்துச் செல்ல முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். விடியும் முன்னரே ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்தின் இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி இங்கே எழுதாதவர் இல்லை. ‘வறுமையிலும் பிள்ளைக்காகவே வாழ்ந்தாள்’ என்று ஒரு கதையில் படித்தேன். அதே பெண், ஜீப்பில் பக்கத்திலிருப்பவள் நீட்டிய முறுக்கை வாங்கி, வாயில் வைக்காமல், தூக்குவாளியை மடியில் இடுக்கிக்கொண்டு முந்தானை நுனியில் முடிந்துகொள்கிறாள் என்று எழுதியிருந்தால், பசியையும் பிள்ளையையும் வாசகரே கண்டுகொண்டிருப்பார்.

ஆனால் கதை முழுவதையும் இப்படியே எழுத முனைவது இன்னொரு கேடு. ‘அந்த ஆண்டு ஏலக்காய் விலை விழுந்தது, மூன்று மாதம் ஜீப் வரவில்லை’ என்பது வெறும் சொல்லல்தான். அதைக் காட்டப் புகுந்தால் போடியில் ஏலக்காயை ஏலம் விடும் கூடம், முதலாளியின் முகம், மேஸ்திரியின் பேச்சு எனப் பக்கங்கள் நீளும். கதையோ அந்தப் பெண்ணை விட்டு வெகுதூரம் போய்விடும். காலத்தைக் கடப்பதற்கும் காரணத்தைத் தெரிவிப்பதற்கும் சொல்லுதலே தகுந்த வழி என்பது என் உறுதியான எண்ணம். வாசகர் தாமே ஒரு முடிவுக்கு வரவேண்டிய இடத்தில் மட்டும் எழுத்தாளர் நின்று காட்டினால் போதும்.

இரண்டும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்குக் குறுந்தொகையின் 25ஆம் பாடலைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. தலைவன் சொன்ன சொல்லைப் பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தன் அச்சத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறாள். பாடலை எழுதிய கபிலர் அதை மறைக்கவில்லை. அதன் பிறகுதான், அவர்கள் கூடிய நாளில் அங்கிருந்த ஒரே சாட்சியாக, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் குருகு என்னும் நீர்ப்பறவை வருகிறது. அதன் கவனமெல்லாம் மீனில். இவளுக்காக அது எதையும் கண்டிருக்காது. அவள் கதியற்று நிற்பதைக் கபிலர் எங்கும் சொல்லவில்லை. அச்சம் முன்பே சொல்லப்பட்டதால்தான் அந்தக் குருகு நம்மை இவ்வளவு வருத்துகிறது.

ஆகவே கதை அனுப்பும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வியர்வையையும் படபடப்பையும் அடித்துவிட்டு, அந்தப் பாத்திரம் அந்த இடத்தில் மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ‘பயந்தாள்’ என்றே இருக்கட்டும்.