ஒரே ஊரில் எத்தனை ராத்திரி?

ஐரோப்பா போகிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை நாடு என்று நான் கேட்பதில்லை. ஒரே ஊரில் எத்தனை ராத்திரி என்றுதான் கேட்பேன். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு என்று பதில் வந்தால், சரி, நல்லபடியா போய்ட்டு வாங்க என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

போன செப்டம்பரில் விடுதிக் கால நண்பர்கள் நான்கு பேர் அல்சாஸ் போனோம். பிரான்சின் கிழக்கு ஓரம், ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. வோஜ் மலையடிவாரத்தில் சுமார் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயின் சாலை ஒன்று ஓடுகிறது. வழிநெடுகத் திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே கிராமங்கள். எங்களில் ஒருவன் எக்செல் தாளில் நாளுக்கு ஆறு கிராமம் என்று குறித்துக்கொண்டு வந்திருந்தான். வாடகைக் கார் எடுக்கும் இடத்திலேயே அந்தத் தாள் நொண்டியது. ஓட்டுபவர் பெயரில்தான் கிரெடிட் கார்டு இருக்க வேண்டுமாம். கார்டு இருந்தவனுக்கு ஓட்டத் தெரியாது. அங்கேயே ஒன்றரை மணி நேரம் போனது.

முதலில் ரிக்விர். மரச்சட்டங்களுக்கு நடுவே மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகள், ஜன்னலெல்லாம் பூந்தொட்டி. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் தெருவில் தேர்த் திருவிழாக் கூட்டம். நாற்பது நிமிடத்தில் அலுத்துவிட்டது.

கைசர்ஸ்பெர்க்கில் மூன்று ராத்திரி தங்கினோம். மதியம் இரண்டரைக்குச் சாப்பிடப் போனால் அடுப்பை அணைத்துவிட்டார்கள், இனி ஏழு மணிக்குத்தான். கிடைத்த ரொட்டியையும் மன்ஸ்டர் சீஸையும் வாங்கிக்கொண்டு (அதன் வாடை இருக்கிறதே, விடுதி சாக்ஸ் தோற்றுவிடும்) ஊர் நடுவே ஓடும் வைஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்தோம். செய்ய வேறு வேலையே இல்லை. அப்போதுதான் ஒருவன் வாயைத் திறந்தான். எட்டு மாதமாக வேலை இல்லையாம். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருந்தவன். டிக்கெட்டுக்குக் காசு எப்படிப் புரட்டினான் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஊரும் அப்படித்தான், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறக்கிறது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1875-இல் பிறந்தது இங்கேதான். பிறக்கும்போது ஜெர்மன் குடிமகன், ஏனென்றால் 1871-இல் ஜெர்மனி அல்சாஸை எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஆப்பிரிக்காவில் மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்தவரை, முதல் உலகப் போர் வந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் எதிரி நாட்டவர் என்று காவலில் வைத்தார்கள். 1918-இல் அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியது, 1940-இல் மறுபடி ஜெர்மனி, 1945-இல் மறுபடி பிரான்ஸ். வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறிய பாட்டிகள் இருந்திருக்கிறார்கள். மற்ற பிரெஞ்சு ஊர்களின் போர் நினைவுச் சின்னங்களில் 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று எழுதியிருப்பார்கள். அல்சாஸ் ஊர்களில் பெரும்பாலும் 'மாண்ட எங்கள் மக்களுக்கு', அவ்வளவுதான். செத்த பிள்ளைகள் போட்டிருந்தது ஜெர்மன் சீருடை, வேறு என்ன எழுதுவது?

மூன்றாம் நாள் தோட்டங்கள் வழியாகச் சிகோல்ஷைம் வரை நடந்தோம். 1944 டிசம்பர் சண்டையில் நொறுங்கிப்போன ஊர், அதனால் படம் பிடிக்கும்படியான பழைய வீடு அதிகமில்லை. நாங்கள் போனபோது ஒரு சுற்றுலாப் பேருந்தையும் காணோம். ஊருக்கு மேலே குன்றில் பிரெஞ்சு ராணுவக் கல்லறை, 1,500-க்கும் அதிகமானவர்கள். பாதி பெயர்கள் அரபுப் பெயர்களாகத் தெரிந்தன. அல்ஜீரியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கொண்டுவரப்பட்டு, அந்தக் குளிர்காலத்தில், தங்களை ஆண்ட நாட்டை மீட்கச் செத்தவர்கள். சுற்றிலும் பழுத்த திராட்சை.

எக்செல்காரன் ஒவ்வொரு கல்லாக நின்று பெயரை வாசித்துக்கொண்டே போனான். சாயங்காலம்வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. வழியில் ஒரு கூரையில் செங்கால் நாரை கூடு கட்டியிருந்ததைக் காட்டினால் அதற்கும் நிமிர்ந்து பார்க்கவில்லை. 1970-களில் அல்சாஸில் பத்து ஜோடிகூட மிஞ்சாமல் போய், வளர்த்துப் பெருக்கி மீட்ட பறவை ஐயா அது!

திருந்திவிட்டான் என்று நினைத்தோம். நேற்று வாட்ஸ்அப்பில் அடுத்த வருடத் தாளை அனுப்பியிருக்கிறான். ஒன்பது நாள், நான்கு நாடு. கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்.