கம்பெனிச் சான்றிதழும் கற்பிக்கும் தகுதியும்

"நகத்தில் பூசும் ஜெல் விற்கும் ஒரு கம்பெனியின் எஜுகேட்டர் பயிற்சியை முடித்தால் போதும், அமெரிக்காவில் யாருக்கு வேண்டுமானாலும் நெயில் டெக்னீஷியன் (நக அழகுக் கலைஞர்) படிப்பு சொல்லித்தரலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பிப் பணம் கட்டப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

கம்பெனி எஜுகேட்டர், பெரும்பாலும் ஏற்கெனவே உரிமம் உள்ளவர்களுக்கு அந்தக் கம்பெனியின் பொருள்களைக் கையாளச் சொல்லித்தருபவர். நல்ல வேலைதான். ஆனால் உரிமத்துக்கான பயிற்சி கலிபோர்னியாவில் 400 மணி நேரம், டெக்சாஸில் 600. கம்பெனி வகுப்பில் உட்கார்ந்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஆசிரியராவதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமம் வழங்கும் அலுவலகத்திடமே கேளுங்கள்.

அப்புறம், "கைத்திறமை இருந்தால் தியரி தேவையில்லை" என்கிறார். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஜெல்லை இறுகவைக்கும் விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாவிட்டால் மேலே பளபளவென்று இருக்கும், அடியில் முழுதாக இறுகியிருக்காது. இறுகாமல் மிச்சமுள்ள அக்ரிலேட் (ஜெல்லில் உள்ள வேதிப்பொருள்) தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கும் சில பொருள்கள்கூடப் பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோலில் வழிந்த ஜெல்லை விளக்கில் வைக்கும் முன்பே ஏன் துடைக்க வேண்டும் என்று மாணவி கேட்டால், தியரி படிக்காதவர் என்ன பதில் சொல்வார்? சட்டமும் மாறுகிறது: டிபிஓ (TPO, விளக்கொளியில் ஜெல்லை இறுகத் தூண்டும் வேதிப்பொருள்) கலந்த ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. கற்பிக்க வருகிறவர் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வர வேண்டும்.